தொற்றுநோய் நாவலும் என் தொண்டைக் கரகரப்பும்

மரியாதைக்குரிய மைத்துனருக்கு,

இவ்விடம் நான் நலம். உங்கள் அக்காள் நேற்று முதல் நலம். அவ்விடத்தில் எல்லோரும் முகக்கவசமும் மூச்சுமாக நலமாயிருக்க வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக்குக்குப் பிறந்தநாள் பரிசாகத் தொற்றுநோய் நாவலைத் தவிர வேறொன்றும் உங்களுக்குக் கிடைக்கவில்லையா? ஊரே அடங்கிக் கிடக்கிறது, உங்கள் அக்காளுக்குக் காய்ச்சல், பரிசோதனையில் தொற்று உறுதி என்று வந்துவிட்டது, அவள் படுக்கையறையில், நான் கூடத்தில், நடுவே சாத்திய கதவு. "சும்மா கெடந்தா பயமா இருக்கு, ஏதாவது படிங்க" என்றாள். வீட்டில் இருந்த ஒரே கதைப் புத்தகம் உங்களுடையது. நாற்காலியைக் கதவோரம் போட்டு ஆரம்பித்தேன். முப்பதாம் பக்கத்துக்குள் தபால்காரர் போய்ச் சேர்ந்தார். நாற்பதாம் பக்கத்தில் கதாநாயகியான தையல்காரி இருமினாள். உடனே எனக்குத் தொண்டை கரகரத்தது. உள்ளே உங்கள் அக்காளும் இருமினாள். இந்த நிலைமையில் தையல்காரியைச் சாக விட எந்த மனுஷனுக்கு மனசு வரும்? நானே பிழைக்க வைத்துவிட்டேன். ஒருத்தியைப் பிழைக்க வைத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அந்தப் பாழாய்ப்போன எழுத்தாளர் பக்கத்துக்குப் பக்கம் கொன்று குவிக்க, நான் டாக்டர், ரொட்டிக்கடைக்காரர், வாத்தியார் என்று ஒவ்வொருவராக எழுப்பி உட்கார வைத்தேன். யாரும் சாகாததால் சவப்பெட்டி செய்யும் தச்சருக்குப் பிழைப்புப் போயிற்று, பாவம். அவரைத் தொட்டில் செய்யச் சொன்னேன். தொட்டிலுக்குப் பிள்ளை வேண்டும், பிள்ளைக்கு முன்னால் கல்யாணம் வேண்டும். இரண்டு கல்யாணம் நடத்தினேன், ஆறடி இடைவெளி விட்டு.

ஏழாம் நாள் உள்ளே சத்தமே இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. முப்பது வருஷம் லிப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் வெளியே நின்று தைரியம் சொன்னவன், வாயடைத்துப் போனேன். அப்புறம் மெல்லக் குரல் வந்தது: "ஏங்க, கெழவர்னு சொன்னீங்களே அந்தத் தச்சரு, அவருக்கா இன்னிக்குக் கல்யாணம்?" சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடியவில்லை. நான் அழுததை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

நேற்று கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். இனிமேல் புத்தகம் அனுப்புவதானால் சமையல் புத்தகமாக அனுப்பவும். அதில் செத்தால் கத்தரிக்காய்தான் சாகும்.

நீங்களும் வீட்டிலுள்ளவர்களும் யாரையும் கைகழுவாமல், கையை மட்டும் கழுவி, நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்காள் எழுதுவது. உறையை ஒட்டுவதற்கு முன் வாங்கிப் படித்தேன். அந்த நாவலையும் நேற்றே ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். நாற்பதாம் பக்கத்துக்கு மேல் தாளெல்லாம் யாரும் புரட்டாத புதுசாக இருந்தது. தையல்காரிக்கு வெறும் ஜலதோஷம். தபால்காரரைத் தவிர அதில் யாருமே சாகவில்லை. மற்றவர்களைக் கொன்றதும் உயிர் கொடுத்ததும் உன் அத்தான்தான். தச்சர் என்று ஒருவர் கிடையவே கிடையாது. இரண்டாம் பாகம் வந்தால் அனுப்பிவை. அட்டை மட்டும் இருந்தாலும் போதும்.