பன்னிரண்டு வீட்டுக் கற்பூரவல்லி

விருந்தாளி விஞ்ஞானி என்று ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். காட்டுக்குப் போனால் அட்டை கடிக்கும், மலை ஏறினால் மூச்சு வாங்கும் என்பதால், கல்யாணமோ துக்கமோ, உறவினர் வீட்டுக்குப் போன கையோடு, காப்பி வருவதற்குள் பால்கனிக்கு நழுவி, அங்கிருக்கும் கற்பூரவல்லியில் இரண்டு இலையைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அதற்குப் பெயர் களப்பணி!

நம்மவரின் திட்டம் பெரிது. கற்பூரவல்லியின் மரபணு இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வேறுபட்டால்தான் எது உசத்தி மருந்து என்று மேலே தேட முடியும். இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள். 'வியத்தகு வேறுபாடு' என்று கருத்தரங்குக்குத் தலைப்பே கொடுத்துவிட்டார். முடிவு வரட்டுமே என்கிறீர்களா? அதெல்லாம் பொறுமைசாலிகளுக்கு.

வந்தது முடிவு. ஒவ்வொரு செடியின் மரபணுவும் ஜெல் எனும் கூழ்த் தகட்டில் தனி வரிசையாக, கோடு கோடாகத் தெரியும். கோடுகள் இடம் மாறியிருந்தால் வேறுபாடு. இங்கே பன்னிரண்டு வீட்டுச் செடிகளின் வரிசைகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருந்தன. ரசாயனத்தைத் திட்டினார். இயந்திரத்தைத் திட்டினார். பிறகு உடன் வேலைபார்க்கும் அம்மையாரைக் கூப்பிட்டார்.

"கழுத்தச் சாய்ச்சுப் பாருங்க மேடம், ஏழாவது வரிசையில ஒரு கோடு கொஞ்சம் மேல ஏறின மாதிரி இல்ல?"

"நேரா நின்னு பாருங்க சார், இறங்கிடும்."

மனசு கேட்கவில்லை. கொழுந்தியாளுக்குப் போன் போட்டார்.

"உங்க வீட்டுக் கற்பூரவல்லி எந்தக் கடையில வாங்கினதும்மா?"

"என்ன அத்தான், மறந்துட்டீங்களா? வெறுங்கையோட வரக்கூடாதுன்னு நீங்கதானே உங்க தொட்டியிலிருந்து ஒடிச்சுட்டு வந்தீங்க!"

மச்சினன் வீட்டில்? அதுவும் அப்படித்தான். தங்கை வீடு, மாமனார் வீடு, மேலதிகாரி வீடு? எல்லாமே இவர் கொண்டுபோய்க் கொடுத்த கிளைகள். தன் செடியையே பன்னிரண்டு வீடுகளில் திருடி வந்திருக்கிறார்.

திட்டம் போயிற்றா? நன்றாகச் சொன்னீர்கள்! தலைப்பை 'வியத்தகு ஒற்றுமை' என்று மாற்றிப் பேசினார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அந்த ஒற்றுமைக்குக் காரணம் கண்டறிய இன்னோர் ஆண்டு நீட்டித்தும் கொடுத்துவிட்டார்கள். அவரும் தீவிரமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ரொம்பச் சிரிக்காதீர்கள். "பத்துப் பேரைக் கேட்டுட்டேன், எல்லாரும் நான் சொல்றதையேதான் சொல்றாங்க" என்று போன வாரம் வீட்டில் வாதாடி ஜெயித்தீர்களே, அந்தப் பத்துப் பேருக்கும் முதலில் அதைச் சொன்னது யார்?