மச்சினன் வண்டியில் ஒடுக்கு

தூண் நகரவில்லை. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பின்னால் வந்தது வண்டிதான். வண்டிக்குள் உட்கார்ந்து அதைப் பின்னால் எடுத்தவர் ஷரத்து. ஆனால் வண்டி ஷரத்துடையது இல்லை. தொல்லையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஷரத்து என்பது அவருக்கு அலுவலகத்தார் வைத்த பெயர். சோப்புக் கம்பெனியில் ஒப்பந்தங்களைப் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துக்கு அனுப்பும் வேலை. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் மற்றவர்கள் தலைப்பைப் படிப்பார்கள். இவர் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்திலிருந்து ஆரம்பிப்பார். வீட்டிலும் இதே கதைதான்.

"நான் இதுவரைக்கும் அடுத்தவங்க வண்டிய தொட்டதில்ல. என் வண்டிய அடுத்தவங்க தொட விட்டதுமில்ல" என்று மார்தட்டிக்கொள்வார்.

அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவன் அவர் மனைவியின் தம்பி. வெளியூரில் ஒரு நேர்காணல், அன்று பார்த்து அவன் வண்டி பஞ்சர். ரயிலைப் பிடிக்க ஓடிவந்து சாவி கேட்டான். ஷரத்து உள்ளே போய் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்தவர் ஓட்டினால் என்னென்ன ஆகும் என்று ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். வாசித்து முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. வேலையும் போய்விட்டது. அன்றிலிருந்து மச்சினன் அவரிடம் பேசுவதெல்லாம் வெயிலையும் மழையையும் பற்றி மட்டும்தான்.

அந்த மச்சினனின் வண்டியைத்தான் இப்போது தூணில் சாத்தியிருக்கிறார்.

சொந்த வண்டி சர்வீஸுக்குப் போயிருந்தது. கம்பெனியில் பெரிய கூட்டம். வேறு வழியில்லாமல் காலையில் மாடி ஏறினார். மாமனாரும் மச்சினனும் மாடியில், இவரும் மனைவியும் கீழே. மச்சினன் நண்பனோடு முன்னமே கிளம்பிவிட்டான். அவன் மனைவிதான் இருந்தாள்.

"அண்ணா, நீங்களா வண்டி கேக்கறீங்க?" என்று ரெண்டு தரம் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

வண்டி பழகாததும் இல்லை. ஒரே நாளில் எடுத்த ஒரே மாடல், ஒரே வெள்ளை. இரண்டாக எடுத்தால் தள்ளுபடி என்று மாமனார் பேசி முடித்த ஏற்பாடு. ஆனாலும் அடுத்தவர் வண்டி அடுத்தவர் வண்டிதானே. கண்ணாடிச் சாமானைத் தூக்கிப்போகிற பயத்தோடு ஓட்டினார். கம்பெனியில் வண்டியை நிறுத்தப் பின்னால் எடுத்தபோது அந்தப் பயமே அவரைக் கவிழ்த்தது.

முதல் காரியமாகத் தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"சார், உங்க பாலிசி உங்க வண்டியோட போகும். உங்களோட வராது" என்றாள் எதிர்முனைப் பெண்.

"அப்ப அடுத்தவங்க வண்டில உக்காந்தா எனக்கு நாதியே இல்லையா?"

"அந்த வண்டிக்குன்னு ஒரு பாலிசி இருக்கும் சார். லைசென்ஸ் இருக்கறவர், ஓனர் அனுமதியோட ஓட்டியிருந்தா அதுல கேக்கலாம்."

"ஓனரோட சம்சாரம் அனுமதிச்சிருந்தா?"

"அத ஓனர்கிட்டதான் சார் கேக்கணும்."

ஷரத்து போனை வைத்தார். சாவியைக் கொடுத்தது அனுமதியா, இல்லை வெறும் சாவியா? எந்தப் பொடி எழுத்திலும் இதற்குப் பதில் இல்லை. எதற்கும் அனுமதியை இப்போதாவது வாங்கி வைத்துவிடுவோம் என்று மச்சினனைக் கூப்பிட்டார்.

"மச்சான், உன் வண்டிய நான் எடுத்துக்கலாமா?"

"யார் பேசறது?"

"நான்தாம்ப்பா, உன் அத்தான்."

"அத்தான் போன்ல யாருங்க பேசறீங்க? அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"நானேதான்! வண்டி வேணும்."

"எப்ப வேணும்?"

"காலைல."

"நாளைக்கா?"

"இல்ல, இன்னிக்குக் காலைல."

"இன்னிக்குக் காலைதான் முடிஞ்சு போச்சே அத்தான்."

"முடிஞ்சா என்ன? எடுத்துக்கங்கன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"எடுத்துக்கங்க" என்றான் மச்சினன், காய்ச்சல்காரனுக்குச் சமாதானம் சொல்வது போல. பிறகு அவன் குரல் மாறியது. "வண்டி நல்லாத்தானே இருக்கு?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"யாரோ லேசா உரசிட்டுப் போயிட்டான்" என்று வந்தது.

"எவன் அவன்? உங்க கம்பெனில கேமரா இருக்கில்ல? விடக் கூடாது அத்தான். சாயங்காலம் நானே வந்து பாக்கறேன்!"

தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துகொண்டிருந்தது. அவன் வருவதற்குள் ஒடுக்கே இல்லாமல் செய்துவிட்டால் கேமராவுக்கு என்ன வேலை என்று கணக்குப் போட்டு, கூட்டத்துக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு வண்டியை வீட்டுக்கு விட்டார்.

வீட்டில் மாமனார் இருந்தார். எந்த வேலைக்கும் ஆள் வைப்பது அவருக்குப் பிடிக்காது. குழாய், கதவு, மின்சாரம் எல்லாம் அவர் கைதான். அவர் மாட்டிய சுவிட்சில் கீழ்வீட்டுச் சமையலறை விளக்கைப் போட்டால் மாடியில் மின்விசிறி சுற்றும்.

"இதுக்குப் போயா கலங்கறீங்க மாப்ள?" என்று லுங்கியை மடித்துக் கட்டினார். "இந்த ரெண்டு வண்டிக்கும் நம்பர் பிளேட் மாட்டினதே நான்தான். ஷோரூம்காரன் மாட்டித் தரேன்னான், விட்டேனா? சாப்பிட்டு உக்காந்தேன், காபி வர்றதுக்குள்ள ரெண்டையும் முடிச்சிட்டேன்."

முதலில் வெந்நீர் ஊற்றினார். பிறகு கழிப்பறை அடைப்பெடுக்கும் ரப்பர் பம்பை ஒடுக்கின் மேல் அழுத்தி இழுத்தார். பம்ப் வரவில்லை. மருமகனும் சேர்ந்து இழுத்தார். பம்ப் வந்தது, பின்கதவின் கைப்பிடியும் கூடவே வந்தது. அப்புறம் உள்பக்கமிருந்து சுத்தியலால் நாலு தட்டு. கிண்ணம் அளவு இருந்த ஒடுக்கு தாம்பாளம் அளவுக்கு வளர்ந்தது.

சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள்.

"ஏங்க, அவன்கிட்ட உண்மையச் சொல்லிடுங்களேன்."

"சொன்னா என் மானம் போயிடும்."

அவள் கைப்பிடியைப் பார்த்தாள், அப்பா கையிலிருந்த பம்பைப் பார்த்தாள். "இன்னும் மிச்சம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஷரத்துவின் கம்பெனிக்குப் போய்விட்டு மச்சினன் வீடு திரும்பியபோது வழக்கம்போல் மாடிக்குப் போகவில்லை. நேராக ஷரத்துவின் கூடத்துக்கு வந்து எதிரே உட்கார்ந்தான்.

"அத்தான், இன்னிக்கு வெயில் எப்படி?"

"ஜாஸ்திதான்" என்றார் ஷரத்து ஈனக்குரலில்.

மச்சினன் போனை மேசைமேல் வைத்தான். கேமராப் படம் ஓடியது. வண்டி பின்னால் வந்தது, இடித்தது. ஷரத்து இறங்கினார், சுற்றுமுற்றும் பார்த்தார், தூணைத் தடவிக் கொடுத்தார், மறுபடி ஏறிக்கொண்டார்.

"ஓனர் கையெழுத்து இல்லாம க்ளெய்ம் இல்ல. நாளைக்கு சேதத்தப் பாக்க இன்சூரன்ஸ் சர்வேயர் வருவாரு. அவர் முன்னாடி, குடும்பத்து முன்னாடி, அடுத்தவன் வண்டிய ஓட்டினேன்னு உங்க வாயால சொல்லணும். சொன்னா போடறேன் கையெழுத்து" என்றான் அவன்.

ஷரத்து அன்றிரவு சாப்பிடவில்லை. கதவைப் பற்றிக்கூட அவருக்குக் கவலை இல்லை. இனி இந்த வீட்டில் அவர் எதைச் சொன்னாலும் யாராவது தூணைப் பற்றி விசாரிப்பார்களே என்பதுதான் கவலை.

மறுநாள் சர்வேயர் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் பை, கையில் சின்ன டார்ச். சர்வீஸிலிருந்து திரும்பிய ஷரத்துவின் வண்டியும் முற்றத்தில் பக்கத்திலேயே நின்றது. ஷரத்து பழக்கதோஷத்தால் இரண்டு பாலிசிகளையும் அவரிடம் கொடுத்து, "எது செல்லும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

சர்வேயர் வேலையில் இறங்க, மச்சினன் தொண்டையைக் கனைத்தான். மாமனார், மனைவி, மச்சினன் மனைவி எல்லோரும் படியில் வரிசையாக நின்றார்கள்.

ஷரத்து தரையைப் பார்த்தபடி சொன்னார். "நான் அடுத்தவர் வண்டிய ஓட்டினேன். இடிச்சேன். பொய்யும் சொன்னேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அன்னிக்கு ரயிலுக்கு நான் சாவியக் குடுத்திருக்கணும் மச்சான். தப்பு என்மேலதான்."

மச்சினன் இதை எதிர்பார்க்கவில்லை. கைகட்டி நின்றவன் கையை அவிழ்த்தான். "சரி விடுங்க அத்தான். இனிமே என் வண்டிய நீங்க எப்ப வேணா எடுத்துக்கங்க" என்றான்.

சர்வேயருக்கு இதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பானெட்டைத் திறந்து உள்ளே பொறித்திருந்த சேஸிஸ் நம்பரை டார்ச் அடித்துப் பார்த்தார். பாலிசியில் போட்டிருந்த நம்பரைப் பார்த்தார். அடுத்த வண்டிக்குப் போய் அதன் பானெட்டையும் திறந்தார். மறுபடி இந்த வண்டிக்கு வந்தார். பாலிசிகளைக் கை மாற்றிப் பிடித்தார்.

"இந்த நம்பர் பிளேட்டெல்லாம் யார் மாட்டினது?" என்று கேட்டார்.

"நான்தான்!" மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியிறங்கி வந்தார். "ஒரு ஸ்க்ரூ லூஸா இருந்தா சொல்லுங்க!"

"ஸ்க்ரூ எல்லாம் கச்சிதம் பெரியவரே, பிளேட்டுதான் வண்டி மாறிப்போச்சு" என்ற சர்வேயர், ஷரத்து பக்கம் திரும்பினார். "சார், நீங்க இடிச்சது உங்க சொந்த வண்டியத்தான். இத்தன வருஷமா தெனம் ஓட்டிட்டிருக்கீங்களே, அதுதான் உங்க மச்சானோடது."