தளபதிகளுக்கு ஒரு இலவசச் சாவி

திறந்த வேகத்திலேயே மென்பொருள் ஒரு வரியைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. 'உங்கள் இலவச உரிமம் நேற்றுடன் முடிந்துவிட்டது.'

ஆய்வு மாணவி நாள்காட்டியைப் பார்த்தாள். இன்று புதன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் திருத்தத்தைக் கொடுக்காவிட்டால் டாக்டர் பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப் போகும். அடுத்த மாதம் சேர வேண்டிய விரிவுரையாளர் வேலையும் கையை விட்டுப் போகும்.

ஆம்புலன்ஸ்களை எங்கெங்கே நிறுத்தினால் நோயாளியிடம் சீக்கிரம் போய்ச் சேரும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஏழு வருடம் மாரடித்துப் பாதி நகரத்துக்குக் கணக்குப் போட்டிருந்தாள். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர், "மீதிப் பாதியில யாருக்கும் நெஞ்சு வலிக்காதா?" என்று கேட்டுவிட்டு, ஒரு மாதம் கெடு கொடுத்துப் போய்விட்டார்.

லட்சக்கணக்கான வழிகளில் சிறந்ததைப் பொறுக்கித் தரும் அந்த மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குவதென்றால் வீட்டை விற்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இலவசம். பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து கேட்டால் வருடத்துக்கு ஒரு சாவி எண் தருவார்கள். பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து என்ன வந்திருக்குமோ என்று பயந்து மூன்று வாரமாகத் திறக்காமலே வைத்திருந்த மின்னஞ்சலை இப்போது திறந்தாள். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது.

"ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்" என்றான் கணவன். பல் மருத்துவன். எதுவாக இருந்தாலும் ஒரே நாளில் பிடுங்கிவிடலாம் என்று நினைப்பவன்.

"மாட்டவே மாட்டேன். போன தடவை கெடு நீட்டிக்கப் போனப்பவே அந்த சூப்பிரண்டு அம்மா, 'இன்னொரு தடவை வந்தா பேரை அடிச்சிடுவேன்'னாங்க. வராமலே அடிச்சிட்டாங்க போலிருக்கு."

"அப்போ என் கிளினிக் மெயில்ல கேக்கட்டுமா?"

கேட்டான். கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே இலவசம் என்று பதில் வந்தது, கூடவே ஒரு விலைப்பட்டியலும். மாலைக்குள் விற்பனைப் பிரிவிலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. மூன்றாவதாகப் பேசியவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலியாம். அவருக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டுத் திருப்தியாக வந்து உட்கார்ந்தான் கணவன்.

அப்புறம்தான் அவளுக்குத் தன் தம்பியின் ஞாபகம் வந்தது. அதே பல்கலைக்கழகத்தில் வரலாற்று விரிவுரையாளர்.

"உன் மெயில்ல கேட்டு வாங்கிக் குடுடா."

"நோக்கம்னு ஒரு கட்டம் இருக்கேக்கா. வரலாறு சொல்லிக்குடுக்கிறவனுக்கு இது எதுக்குன்னு எழுதறது?"

"எதையாவது எழுதித் தொலை."

தம்பிக்கு எதையாவது எழுதத் தெரியாது. எழுதினால் உருகித்தான் எழுதுவான். தோற்றுப்போன தளபதிகள் படைகளை எங்கே நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பார்கள் என்று கணக்கிடப் போவதாக இரண்டு பக்கம் எழுதி அனுப்பினான். உடனே சாவி வந்தது. அவளுக்கும் போன உயிர் வந்தது.

அந்த நிம்மதி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

"உனக்கு வேலை மிச்சம்க்கா. பல்கலைக்கழக இணைப்புல இருந்தாத்தான் சாவி வேலை செய்யுமாம். அதான் என் ரூம் கம்ப்யூட்டர்லயே போட்டு முடிச்சிட்டேன்."

"என் லேப்டாப்ல போடணும்டா. ஒரு கம்ப்யூட்டர்ல போட்டா அதுல மட்டும்தான் ஓடும்."

தம்பி வரலாறு காணாத வேகத்தில் போனை வைத்தான்.

வியாழக்கிழமை காலை, கணக்கையெல்லாம் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வரலாற்றுத் துறைக்குப் போனாள். தம்பி வகுப்புக்குப் போய்விட்டான். அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து கணக்கை ஓடவிட்டாள். எண்பது சதவீதம் முடிந்திருந்தபோது துறைத் தலைவர் உள்ளே வந்தார்.

"நீங்கதானா அந்தக் கணக்கு நிபுணர்? நம்ம துறைக்கு நன்றி சொல்லி அந்தக் கம்பெனிக்காரங்க எனக்கே எழுதியிருக்காங்க. தம்பி எழுதின ரெண்டு பக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருக்காங்க. படிச்சிட்டு எனக்குத் தூக்கமே வரல." குனிந்து திரையைப் பார்த்தார். வரைபடம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். "படைங்களா?"

"நூத்தி முப்பது சார்" என்றாள். எண்ணிக்கையாவது உண்மையாக இருக்கட்டுமே.

"ஆஸ்பத்திரிப் பக்கமாவே நிறுத்தியிருக்கீங்க. அடிபட்டவங்களுக்கு வசதிதான். என்ன ஒரு யோசனை. வாங்க, இதை ஆய்வுத் திட்டமா இப்பவே ஆபீஸ்ல பதிவு பண்ணிடலாம்."

"சார், கணக்கு ஓடிட்டிருக்கு..."

"ஆள் இல்லாத ரூம்ல எதுவும் ஓடக்கூடாதும்மா. நம்ம துறையோட விதி" என்று சொல்லிச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தார். எண்பத்து நான்கு சதவீதம் இருட்டில் போனது.

அழக்கூடத் தெம்பில்லாமல் அவர் பின்னால் நடந்தாள். இரண்டு நாளாக எந்த அறைக்குப் போகக் கூடாது என்று ஓடி ஒளிந்தாளோ, அந்த அறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். சூப்பிரண்டு அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டினாள். "பேரை மட்டும் அடிச்சிடாதீங்க மேடம். மெயிலைத் திறந்துவிட்டீங்கன்னா நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள எப்படியாவது திருத்தத்தைக் குடுத்திடறேன்."

"அப்போ தளபதிங்க?" என்றார் துறைத் தலைவர்.

சூப்பிரண்டு அம்மா அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, நிதானமாக நான்கு தாள் புரட்டினார்.

"என்ன திருத்தம்? பாதி நகரமே போதும்னு உங்க கைடு எடுத்துச் சொன்னதும், திருத்தம் வேண்டாம்னு தேர்வாளர் மறுவாரமே எழுதிக் குடுத்துட்டாரே."

ஆய்வு மாணவிக்கு அழுகை பாதியில் நின்றது. "அப்புறம் என் மெயிலை ஏன் மேடம் மூடினீங்க?"

"பட்டம் குடுத்தாச்சுன்னா அன்னைக்கே மெயிலை மூடிடணும்மா. நீங்க டாக்டராகிப் பதினோரு நாள் ஆச்சு, தகவலைக்கூட அந்த மெயிலுக்குத்தான் அனுப்பினோம்."