பாலம் வரைக்கும் ஓடிய பிக்கப்

ஆர்வல் டிபெட்ஸ் அந்தச் சபதத்தை வீட்டுக்குள் போட்டிருந்தால் வீட்டோடு மறந்துபோயிருக்கும். மனுஷன் சர்ச் விருந்தில், ஊர் ஜனம் மொத்தமும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, கையில் உருளைக்கிழங்குத் தட்டோடு எழுந்து நின்று போட்டான்.

ஆரம்பித்து வைத்தது பக்கத்து மேஜை ஹைரம். டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறவன். "ஏம்ப்பா ஆர்வல், ஷெட்டுக்குள்ள ஒரு பிக்கப் வண்டி கட்டிட்டு இருக்கியே, அது எப்போ வெளியே வரும்?" என்று கேட்டான். சும்மா கேட்டானோ, குத்திக் கேட்டானோ, அவனுக்குத்தான் வெளிச்சம். ஆர்வல் வாயிலிருந்ததை விழுங்குவதற்குள் அவன் பெண்டாட்டி நெல்டா முந்திக்கொண்டாள்.

"அது எப்போ வேணா வரட்டும் ஹைரம். என் கார் எப்போ உள்ளே போகும்னு கேளு. மூணு குளிர்காலமா பனியில நிக்குது. காலையில காரைக் கண்டுபிடிக்கவே மண்வெட்டி வேண்டியிருக்கு."

மேஜை மொத்தமும் சிரித்தது. பாதிரியார்கூடச் சிரித்தார். ஆர்வலுக்குக் காது சிவந்துவிட்டது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க," என்று எழுந்தான். "வர்ற ஜூலை நாலு, சுதந்திர தின ஊர்வலத்துல என் பிக்கப் போகும். நான் தனியா, என் கையால கட்டின டீசல் வண்டி. போயிட்டு, தானே ஓடி வீட்டுக்கும் திரும்பி வரும். வரலேன்னா ஷெட்டு இவளுக்கு. வந்துட்டா, ஷெட்டைப் பத்தி இவ ஆயுசுக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

"சரி," என்றாள் நெல்டா.

ஒரே வார்த்தை. இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தினவன் அந்தச் 'சரி'யைக் கேட்டதுமே தட்டைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இவன் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டான்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முன்பக்கக் கூடு, வாய்க்காலில் உருண்ட ஒரு பண்ணை வண்டியுடையது. என்ஜின், ஓய்வு கொடுத்துவிட்ட ஒரு ரொட்டி வேனிலிருந்து கழற்றினது. பின் அச்சு ஸ்கூல் பஸ்ஸுடையது. அதனால் பின்பக்கம் மட்டும் அகலமாகி, வண்டி எப்போது பார்த்தாலும் உட்கார இடம் தேடுகிற மாதிரி இருக்கும். ஒரு கதவு சிவப்பு, ஒரு கதவு பச்சை. வேறு ஊரில் இப்படி ஒன்றைக் கட்டினால் ஆளைப் பிடித்து வைத்தியம் பார்ப்பார்கள். அமெரிக்காவில் எங்கள் ஐடஹோ மாநிலத்தில் இதுதான் ஆம்பளைக்கு அழகு. ஷோரூமில் புது வண்டி வாங்கினவனை எங்கள் ஊரில் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. கட்டினவனைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். அவனிடம் கேட்கிற முதல் கேள்வி, "யாராவது கை கொடுத்தாங்களா?" "ஒருத்தரும் இல்லே" என்று சொல்ல முடிந்தவன் ராஜா. அந்த ரெண்டு வார்த்தைக்காக ஆர்வல் மூன்று வருஷமாக ஒருத்தரிடமும் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

மே மாசக் கடைசியில் எல்லாவற்றையும் மாட்டி முடித்தான். ஒரு டப்பா நிறையக் கம்பிகளும் திருகுகளும் மிஞ்சின. மிஞ்சினால் சிக்கனமாகச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம் போலிருக்கிறது என்று டப்பாவை மூடி வைத்துவிட்டான். சாவியைத் திருப்பினான். என்ஜின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றவில்லை. பேட்டரிதான் படுத்தது.

ஜூன் பாதிவரைக்கும் இதே கதை. நெல்டா ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"ஹைரமைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிட்டே, நான் இந்த வண்டிக்கு அடியிலேயே படுத்துக்குவேன். வெளியே வரமாட்டேன்."

"இப்பவும் அங்கேதானே படுத்திருக்கே."

"நெல்டா, உனக்கு இது புரியாது. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா அது அவன் வண்டி ஆயிடும்."

"அவன் வண்டியாவாவது ஓடிட்டுப் போகட்டுமே."

"நீ போய்ச் சமையலைப் பாரு."

போனாள். ஆர்வல் வண்டியின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினான். அதைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. பெட்ரோல் பங்க்கில், தபால் ஆபீஸில், எங்கே போனாலும், "என்ன ஆர்வல், வண்டி தயாரா?" "தயார், தயார்." ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வயசு ஐம்பத்து மூன்று. ஸ்கூலில் பரீட்சைப் பேப்பரை ஒளித்து வைத்த பையன் மாதிரி வீட்டுக்குள் நடமாடினான். அதற்குப் பிறகு சாவியைத் தொடவே இல்லை. தொட்டால்தானே தோற்கும்.

அப்புறம்தான் அந்த யோசனை உதித்தது. எங்கள் பெரிய தெரு, மேலே சர்ச்சிலிருந்து கீழே ஆற்றுப் பாலம்வரை ஒரே இறக்கம். ஊர்வலம் சர்ச்சில் புறப்பட்டுப் பாலத்தில் முடியும். ஆர்வல் வீடு சர்ச்சை ஒட்டி மேட்டில். பிரேக்கை விட்டால் வண்டி தானாக உருளும். அது ஓடுகிறது என்று ஊர் நம்ப வேண்டுமானால் சத்தம் வேண்டும், அவ்வளவுதானே. பாலத்தில் எல்லாரும் சாப்பாட்டுக்குக் கலைந்துவிடுவார்கள். அப்போது டிராக்டரைக் கட்டி ஆற்றோரப் பாதை வழியாக வீட்டுக்கு இழுத்துவிடலாம். தன் புத்தியை நினைத்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை. நெஞ்சின் ஒரு மூலையில் கூசவும் செய்தது. அந்த மூலைப் பக்கம் அவன் போகவில்லை.

ஜூலை மூணாம் தேதி சாயங்காலம், கிழங்கு வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பழைய டீசல் மோட்டாரைத் தூக்கி, பிக்கப்பின் பின்தொட்டியில் வைத்தான். சுற்றி வைக்கோல் கட்டு. மேலே தார்ப்பாய். அதற்கு மேலே கொடி.

நெல்டா சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டாள். "அந்த மோட்டார் எதுக்கு?"

"பாரத்துக்கு. பின்னாடி பாரம் இருந்தாத்தான் வண்டி குதிக்காது."

"ஓ," என்றாள். கேரட் துருவுவதை அவள் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை ஊர்வலம் களைகட்டியது. முன்னால் பள்ளிக்கூட பேண்ட் வாத்தியம். அப்புறம் நாலைந்து குதிரைகள், இரண்டு டிராக்டர், ஊரில் உள்ள ஒரே தீயணைப்பு வண்டி, உருளைக்கிழங்கு வேஷம் போட்ட பாதிரியார். நடுவில் நம் ஆர்வல். பின்தொட்டியில் மோட்டார் தடதடவென்று அதிர, கறுப்புப் புகை கக்க, பிரேக்கை விட்டும் பிடித்தும் உருண்டு வந்தான். ரெண்டு பக்கமும் ஜனம் கை தட்டியது. வழக்கத்தைவிட அதிகமாகவே சிரித்தது. தன் வெற்றியைப் பார்த்துத்தான் இந்தச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டான். கடை வாசலில் நின்ற யூடோரா கிழவி பச்சைக் கதவைக் காட்டி ஏதோ சொன்னாள். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. ராஜா மாதிரி கையசைத்துவிட்டு நகர்ந்தான்.

பாலம் வந்தது. வண்டி மெதுவாகி, சமதளத்தில் நின்றது. ஆர்வல் மூச்சு விட்டான். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு மூச்சு விட்டதில்லை.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. நெல்டாவின் குரல். இந்த வருஷம் ஊர்வலக் கமிட்டித் தலைவி அவள்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். ஊர்வலம் ரொம்பச் சீக்கிரம் முடிஞ்சிடுதுன்னு வருஷா வருஷம் குறை சொல்றீங்க. அதனால இந்தத் தடவை எல்லாரும் பாலத்துல திரும்பி, மறுபடியும் சர்ச் வரைக்கும் மேலே வரணும்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்கு."

சின்ன ஊர்களில் இது சகஜம்தான். இருக்கிற பத்து வண்டியை ரெண்டு தடவை பார்த்தால்தான் ஒரு ஊர்வலம் பார்த்த திருப்தி. பேண்ட் திரும்பியது. குதிரைகள் திரும்பின. டிராக்டர் இரண்டும் ஆர்வலைச் சுற்றிக்கொண்டு மேலே போயின. தீயணைப்பு வண்டி பின்னால் வந்து நின்று ஒரு தடவை ஹாரன் அடித்தது. ஆர்வல் சாவியைப் பார்த்தான், தொடவில்லை. பின்னால் மோட்டார் மட்டும் எனக்கென்ன என்று தடதடத்துக்கொண்டிருந்தது.

நெல்டா மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, வயரை இழுத்தபடி நிதானமாக நடந்து வந்தாள். ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். மைக்கின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன, ஏற மாட்டேங்குதா?"

"நெல்டா, என் மானத்தை வாங்காதே. எல்லாரும் பாக்கறாங்க."

"வண்டி ஓடும்."

"எது?"

"இதுதான். சாவியைத் திருப்பு, ஓடும். டீசலைத் திறந்துவிடற வால்வுக்கு ஒரு கம்பி போகணுமாம். நீ மிச்சம்னு டப்பாவுல போட்டியே, அதுல இருந்துச்சு. நீ வேலைக்குப் போனப்போ மாட்டியாச்சு."

ஆர்வல் அவளையே பார்த்தான். கோபப்படுவதா, கட்டிப்பிடிப்பதா, தெரியவில்லை. ரெண்டுக்கும் நேரமில்லை.

"நிஜமாவா?"

"பொய் சொல்ல நான் என்ன உன் மோட்டாரா? இப்பக் கேளு. ஓட்டிட்டு மேலே வா. வீட்டுக்குப் போ. ஷெட்டு உனக்கே. ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு. இந்த மைக்ல, 'இந்த வண்டியை ஓட வெச்சது என் பெண்டாட்டி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"மைக்லயா?"

"சபதத்தை மட்டும் காதுலயா சொன்னே?"

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா வண்டி இங்கேயே நிக்கட்டும். ஷெட்டு எனக்கு."

ஆர்வல் ஷெட்டை நினைத்தான். சுவரில் அளவு வாரியாக மாட்டியிருக்கும் ஸ்பானர்கள், தானே அடித்த மேஜை, யாரும் எதுவும் கேட்காத அந்த நிம்மதி. அப்புறம் ஹைரம் முகத்தை நினைத்தான். "யாராவது கை கொடுத்தாங்களா?" "ஆமாம், என் பெண்டாட்டி." அதை நினைத்ததும் உடம்பெல்லாம் கூசியது. பாவம், ரெண்டில் எதை விட்டாலும் உயிர் போகும் அவனுக்கு. கடைசியில் ஷெட்டை விட்டான். ஷெட் போனால் போகட்டும், வண்டி கட்டினவன் என்ற பேராவது மிஞ்சுமே.

மைக்கை வாங்கினான். வண்டியின் படியில் ஏறி நின்றான்.

"மக்களே," என்று கத்தினான். கத்தத்தான் வேண்டியிருந்தது, மோட்டார் அப்படி அலறியது. "தப்பா நினைக்காதீங்க. இந்த வண்டியை நான் தனியாத்தான் கட்டினேன். மேலேருந்து இங்கே வரைக்கும் எப்படி ஓடி வந்துச்சுன்னு நீங்களே பாத்தீங்க. ஆனா இப்போ, என் கெட்ட நேரம், என்ஜின் நின்னு போச்சு."

தடதடதடதட என்றது பின்தொட்டி. தார்ப்பாய் ஓரத்திலிருந்து புகை ஒரு வளையமாக எழும்பி அவன் தொப்பிக்கு மேலே போயிற்று.

"சுத்தமா நின்னு போச்சு," என்றான் இன்னும் உரக்க. "இனிமே இதை எந்த மனுஷனாலும் ஓட்ட முடியாது. கொடுத்த வாக்குக்கு நான் கட்டுப்பட்டவன். ஷெட்டு நெல்டாவுக்கு."

யாரும் கை தட்டவில்லை. ஜனம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டது. முதலில் வாயைத் திறந்தது யூடோரா கிழவிதான். சிரமப்பட்டு இறக்கம் முழுக்க நடந்து வந்திருந்தாள்.

"என்ன ஆர்வல் உளறறே? செவ்வாய்க்கிழமை நெல்டா என்னை இதுலதானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. நல்லாத்தானே ஓடுச்சு. அந்தப் பச்சைக் கதவுக்கு எண்ணெய் போடுன்னு அப்பவே கத்தினேன், நீ கையை ஆட்டிட்டுப் போறே."

"எங்க வீட்டுக்குக் கோழித் தீவனம் இதுலதான் வந்துச்சு," என்றது ஒரு குரல்.

"அதோ அந்த நாற்காலி அத்தனையும் நேத்து இதுலதான் வந்துச்சு," என்றார் பாதிரியார், உருளைக்கிழங்குக்குள்ளிருந்து.

ஆர்வலுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. ஒரு வாரமாக ஊரெல்லாம் சுற்றின வண்டி. அவன் காலையில் கிழங்குக் கிடங்குக்கு வேலைக்குப் போனதும் தெருவுக்கு வந்து, அவன் திரும்புவதற்குள் தார்ப்பாய் போர்த்திக்கொண்ட வண்டி. ஓடுகிற வண்டியை உருட்டிக்கொண்டு, அதன் முதுகில் இன்னொரு மோட்டாரை அலறவிட்டு, இவன் வந்த அழகைத்தான் இத்தனை நேரமும் ஊரே நின்று பார்த்திருக்கிறது. அந்தச் சிரிப்பெல்லாம் ஒவ்வொன்றாக இப்போது அவனுக்குப் புரிய ஆரம்பித்தது.

ஹைரம் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "அந்தக் கம்பியை மாட்டினது நான்தாம்ப்பா. நெல்டா ஒரு பலகாரம் சுட்டுக் கொடுத்துக் கேட்டா. ஆப்பிள் பை. நீ வந்து கேட்டிருந்தா சும்மாவே மாட்டியிருப்பேன்."

அந்த அனுதாபத்துக்குப் பதிலாக அவன் நாலு அறை விட்டிருக்கலாம். ஆர்வலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இறங்கு," என்றாள் நெல்டா. "நான் எடுக்கறேன். நீ பின்னாடி ஏறி முதல்ல அதை அணை, காது போகுது."

அவள் சாவியைத் திருப்பினாள். ரொட்டி வேன் என்ஜின் ஒரே திருப்பில் பற்றியது. அத்தனை நாளாக அவன் கேட்க ஏங்கின சத்தம். அவன் அதைப் பின்தொட்டியில், வைக்கோல் கட்டுக்கு நடுவில், அணைந்துபோன மோட்டாரைக் கட்டிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு மேட்டில் ஏறினான். ரெண்டு பக்கமும் ஜனம் கை தட்டியது. குழந்தைகள் அவன்மேல் மிட்டாய் எறிந்தன. தொப்பியை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. தோற்றாலும் ஆம்பளையாகத் தோற்க வேண்டும் என்று தீர்மானித்தான் ஆர்வல். "வா, உன் காரை உள்ளே விட்டுத் தரேன்," என்று சொல்லிக்கொண்டே போய் ஷெட் கதவைத் தூக்கினான்.

நெல்டாவின் கார் காலையிலிருந்தே உள்ளே நின்றுகொண்டிருந்தது.