இரண்டாவது கணவாயில் என்னோடு பேசியவர்

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தம்பி பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. முழங்கால் இரண்டும் இடது பெருவிரல் நகமும் நீங்கலாக இங்கே யாவும் நலம். தங்கள் நலத்தையும் அத்தானின் இரத்த அழுத்தத்தையும் அறிய ஆவலாக உள்ளேன். ‘தங்கள்’ என்று எழுதியதைப் பார்த்து நீ சிரிப்பாய். முப்பத்துநான்கு வருஷம் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்த கை இது. பேனாவைப் பிடித்தால் தானாகவே அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீயும் நானும் பேசி இருபத்தாறு நாள் ஆகிறது. கடைசியாகப் பேசியபோது நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “தனியா இருந்து இருந்து உனக்குப் புத்தி பேதலிச்சுடும்டா. பேசாம இங்க வந்து எங்களோட இரு” என்றாய். “தனியா இருக்கறது எனக்குப் புடிக்கும்” என்று சொல்லி நான் போனை வைத்தேன். அதை நிரூபித்துவிட்டேன் என்று தெரிவிப்பதே இக்கடிதத்தின் நோக்கம். போன சனிக்கிழமை தன்னந்தனியாக, முதுகில் பையோடு, ஒரே நாளில் இரண்டு கணவாய்களைத் தாண்டினேன்.

பை எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் எல்லோருமாகச் சேர்ந்து கொடுத்த முதுகுப்பை அது. மலையேறுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அந்த ரகம். ஆளைத் தூரமாக அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. எட்டு மாதம் கூடத்தில் கிடந்தது. இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஒரு நாள் எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் எதிர் நாற்காலியில் வைத்தேன். பார்ப்பதற்கு ஆள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். இதில் புத்தி பேதலிக்க ஒன்றும் இல்லை, நாற்காலி சும்மாத்தானே இருந்தது.

மலைச்சாமான் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தனியாவா போறீங்க சார்? அப்போ விசில் ஒண்ணு கண்டிப்பா வேணும். ஆபத்துன்னா நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதணும். கேக்கறவங்க மூணு தடவை பதிலுக்கு ஊதுவாங்க” என்றார். “யாருமே கேக்கலைன்னா?” என்றேன். “கேக்கற வரைக்கும் ஊதணும் சார்” என்றார். கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

காலை ஆறு மணிக்கு, பஸ் இதற்கு மேல் போகாது என்று இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடக்க ஆரம்பித்தேன். பை பதினாறு கிலோ. கம்பளி இரண்டு, மடக்கு நாற்காலி, அலாரக் கடிகாரம், டிரான்சிஸ்டர், கனமான சட்டைகள் நாலு, யாராவது வந்தால் இருக்கட்டுமே என்று இரண்டாவது டம்ளர் ஒன்று. முதல் ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்கிய வாங்கலில், எனக்கு முன்னால் போன வயதான தம்பதி திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, ஏதோ காட்டுமிருகம் பின்தொடர்கிறது என்று நினைத்தார்களோ, நடையைக் கூட்டிவிட்டார்கள். கூட நடக்கலாம் என்று நானும் வேகமாகப் போனேன், அவர்கள் இன்னும் வேகமாகப் போனார்கள், இப்படியே ஒருவரையொருவர் துரத்தி மூன்று பேரும் குறித்த நேரத்துக்கு நாற்பது நிமிஷம் முன்னதாகவே முதல் கணவாய்க்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே திருவிழாக் கூட்டம். அந்த இடத்தில்தான் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். தனியாக நிற்கிறவனைக் கண்டால் எல்லோரும் போனை நீட்டுகிறார்கள். ஏழு குடும்பத்துக்குப் படம் எடுத்துக் கொடுத்தேன். “கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, அப்பா தலை வெட்டுப்படுது” என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் நெருங்கி நின்றார்கள். கடைசியில் ஒரு பெண், “உங்களையும் ஒண்ணு எடுக்கட்டுமா அங்கிள்?” என்றாள். “வேண்டாம்மா, எடுத்து யாருக்கு அனுப்பப் போறேன்” என்று வாயில் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் மாறியதைப் பார்த்ததும், “என் போன்ல இடம் இல்லம்மா” என்று மாற்றிச் சொன்னேன். என் போனில் மொத்தமே பதினொரு படம்தான் இருக்கிறது. ஒன்பது, தண்ணீர் மீட்டர்.

கூட்டம் அங்கிருந்தே திரும்பிவிட்டது. இரண்டாவது கணவாய்க்குப் போகிறவன் நான் ஒருவன்தான். இறக்கத்தில் ஓர் ஓடை. கல்லுக்குக் கல் தாண்டும்போது மூன்றாவது கல் நகர்ந்தது, நான் இடுப்பு வரை இறங்கினேன், மடக்கு நாற்காலி பையிலிருந்து கழன்று, தண்ணீரில் விரிந்து, நிமிர்ந்து, யாரோ உட்கார்ந்து போவது போல ஜம்மென்று மிதந்து போயிற்று. பார்க்க அவ்வளவு வேடிக்கையாக இருந்தது. “அங்க பாரு!” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை. நாற்காலி போனதை விட அதுதான் ஒரு மாதிரி இருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு இரண்டாவது கணவாயை நெருங்கும்போது மூடுபனி இறங்கியது. என் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. பாதையும் தெரியவில்லை, போனிலும் சிக்னல் இல்லை. ஒரு பாறையடியில் உட்கார்ந்து ஆறு தடவை ஊதினேன். ஒரு நிமிஷம் கழித்து, சத்தியமாகச் சொல்கிறேன், மேலேயிருந்து பதில் விசில் வந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் மூன்று தடவைக்குப் பதில் ஒரே தடவை. மறுபடி ஊதினேன், நாலு வந்தது. எண்ணத் தெரியாத ஆள் போல, பாவம், பயத்தில் கணக்குத் தப்புகிறது, நம்மைப் போலவே மாட்டிக்கொண்டவர்தான் என்று புரிந்துபோயிற்று. உடனே என் பழைய குரல் வந்துவிட்டது அக்கா. “பயப்படாதீங்க! உங்க புகார் எங்களுக்கு வந்து சேர்ந்துடுச்சு! இருக்கிற இடத்தை விட்டு நகராதீங்க! நான் இங்கயேதான் இருக்கேன்!” என்று கத்தினேன். விசில் வந்தது.

பிறகு பேசிக்கொண்டே இருந்தேன். பயந்தவரை லைனில் வைத்துப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவில் முதல் பாடம். என்னென்ன பேசினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆபீஸில் ஒரு நாளைக்கு நூற்றிருபது பேர் என்னைத் திட்டுவார்கள் என்றேன். இப்போது திட்டக்கூட ஆள் இல்லை என்றேன். வீட்டுப் போன் வேலை செய்கிறதா என்று தினமும் சாயங்காலம் என் கைப்போனிலிருந்து அடித்துப் பார்ப்பதையும், அடிக்கும்போது எழுந்து போய் எடுப்பதையும், எடுத்து “ஹலோ” சொல்வதையும் சொன்னேன். அக்காவுடன் பேச்சு நின்றுபோனதையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் விசில் வந்தது. இத்தனை அக்கறையாக என் பேச்சை யாரும் கேட்டு மூன்று வருஷமாயிற்று, என் வீட்டுக்காரி போனதிலிருந்து.

பனி விலகியது. பத்தடி மேலே ஒரு பாறைமேல், பூனையை விடப் பெரிதாக, தொந்தியும் இரண்டு முன்பற்களுமாக, பின்னங்காலில் நின்றுகொண்டு ஒரு பிராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து ஒரு விசில் அடித்தது. அதற்குப் பின்னால், ஒரு கல்லில், கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கீழே இருக்கும் மலைக்குடிலைப் பார்த்துக்கொள்கிறவர்.

“நான் வந்து அரை மணி ஆச்சுங்க. ரெண்டு பேரு முக்கியமா பேசிட்டு இருக்கீங்கன்னு நெனச்சு உக்காந்துட்டேன்” என்றார்.

“இது என்னம்மா?”

“மர்மோட்டு. பெரிய அணில் ஜாதி. இந்தப் பக்கம் நெறைய உண்டு. ஆபத்து வந்தா விசில் அடிச்சு மத்ததுங்களை உஷார் பண்ணும்.”

“என்ன ஆபத்து?”

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். “நீங்கதான்” என்றார்.

அதாவது, ஒரு மணி நேரமாக நான் அதற்குத் தைரியம் சொல்லச் சொல்ல, அது ஊரைக் கூட்டி, ஓடி ஒளியுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

குடிலில் சுடச்சுட சூப்பும் ரொட்டியும் கொடுத்தார். பதிவேட்டில் எழுதச் சொன்னார். ‘உடன் வருவோர்’ என்ற இடத்தில் கோடு போட்டேன். ‘அவசரத்தில் தெரிவிக்க வேண்டியவர்’ என்ற இடத்தில் பேனா நின்றது. பார்க்காமல் எனக்குத் தெரிந்த எண் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அதையும் உறவுமுறையையும் எழுதினேன். அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, “இவங்கதான் அந்த அக்காவா?” என்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்! “ஆமா” என்றேன். “மர்மோட்டுகிட்ட சொன்னதெல்லாம் இவங்களுக்குத் தெரியுமா?” என்றார். சூப் சூடாக இருக்கிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆகவே அக்கா, நான் தனியாக இருக்கத் தகுதியானவன் என்பது ஐயமற நிரூபணமாகிவிட்டது. மலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை, வீட்டில் அதைவிட இல்லை. அடுத்த தடவை மூன்று கணவாய். உன் வீட்டுக்கு வந்து இருப்பதென்ற பேச்சை இத்துடன் முடித்துக்கொள்வோம். அத்தானுக்கு என் வணக்கம், உப்பைக் குறைக்கச் சொல். உன் கால்களைத் தொட்டுக் கும்பிட முழங்கால் மடங்காததால் நின்றபடியே கும்பிடுகிறேன். நீயும் உன் வீடும் எந்நாளும் கலகலவென்று இருக்க வேண்டும்.

என்றும் உன் கீழ்ப்படிந்த,
தம்பி

பின்குறிப்பு: தபாலில் போட்டால் போய்ச்சேர நாலு நாள் ஆகும் என்றார்கள். பஸ்ஸில் ஐந்து மணி நேரம்தான். இந்தக் குறிப்பை உன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே நீ அத்தானை மாத்திரைக்காகத் திட்டுவது கேட்கிறது, கேட்க நன்றாக இருக்கிறது. மணியடிக்கக் கை வரவில்லை, அதனால் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். மேலே நிரூபித்தது எதையும் நம்பாதே. நான் வாசலுக்கே வந்துவிட்டதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும் என்று இப்போதுதான் உறைக்கிறது. ஆறு பக்கத்தையும் நீ கண்ணாடி தேடி, எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கிற வரைக்கும் நான் வெளியே நிற்க வேண்டுமே. சீக்கிரம் படி அக்கா.