முதுகில் ஏறிய குலப் புனிதர்

பச்சை குத்திக்கொள்கிறவர்களில் எத்தனையோ ரகம் உண்டு. அழகுக்காகக் குத்திக்கொள்கிறவர் ஒருவர். காதலுக்காகக் குத்திக்கொண்டு, காதல் போன பிறகு முழுக்கைச் சட்டைக்கு மாறியவர் இன்னொருவர். ராணுவத்தில் பொழுது போகாமல் பக்கத்துக் கட்டில்காரனிடம் கையை நீட்டிவிட்டு, அந்தக் கோணல் நங்கூரத்தோடு அறுபது வயதைத் தாண்டியவரும் உண்டு. இவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை. பார்த்தோமா, போனோமா என்று இருந்துவிடலாம். நாம் பேசப்போவது வேறொரு பிறவியைப் பற்றி. அவருக்கு உடம்பில் இருக்கும் படம் இரண்டாம் பட்சம், அதற்கு அவர் சொல்லும் அர்த்தம்தான் முக்கியம். ஆகவே அவருக்கு அர்த்தக்காரர் என்றே பெயர் வைத்துவிடுவோம்.

நீங்கள் அவரைச் சந்தித்திருக்கிறீர்கள். காப்பிக் கடையில் உங்கள் எதிரே உட்கார்ந்து, முன்கையை மேஜைமேல் மல்லாக்க வைத்திருப்பார். நீங்கள் காப்பியைப் பார்ப்பீர்கள். கை இன்னும் கொஞ்சம் உங்கள் பக்கம் நகரும். நீங்கள் சர்க்கரையைப் பார்ப்பீர்கள். கை சர்க்கரைக் கிண்ணத்தை மறித்துக்கொண்டு படுக்கும். என்ன செய்ய முடியும்? சர்க்கரை வேண்டுமே! ஒரு கணம் பார்த்துவிடுவீர்கள். அவ்வளவுதான், தீர்ந்தது கதை. "கவனிச்சிட்டீங்களா? எல்லாரும் கேக்கிறாங்க" என்று ஆரம்பித்துவிடுவார். நீங்கள் எதையும் கேட்கவில்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

நிஷ் நகரத்து வுகாஷின் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. முப்பத்துநாலு வயது, டயர் கடையில் வேலை, நல்ல மனசு, ஓயாத வாய். வலது கெண்டைக்காலில் ஓர் ஓநாய் வைத்திருந்தான்.

"இது ஏன் இடது பக்கம் பார்க்குது, சொல்லுங்க?" என்பான், டயர் மாற்ற வந்தவரிடம்.

"தெரியலியேப்பா. என் வண்டி எப்ப ரெடியாகும்?"

"இதயம் இருக்கிற பக்கம்! அதான்!"

ஓநாய் வலது பக்கம் பார்த்திருந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் கிடைத்திருக்கும். கீழே பார்த்திருந்தால் அடக்கம், மேலே பார்த்திருந்தால் லட்சியம். பின்பக்கம் காட்டி நின்றிருந்தாலும் "கடந்து வந்த பாதை" என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பான்.

ஒரு கோடைத் திருவிழாவில் உடம்புக்குச் சாயம் பூசுகிற கூடாரத்துக்குள் புகுந்து, பாதி உடம்பில் நெருப்பும் பாதி உடம்பில் நீரும் தீட்டிக்கொண்டு வெளியே வந்தான். நல்ல வெயில். மனித வாழ்வின் இரு சக்திகளைப் பற்றி முதல் ஆளிடம் சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துக் கொட்டியது. அடுத்த ஆளிடம் சொல்லும்போது நெருப்பு தொப்புளைத் தாண்டிவிட்டது. அதற்கடுத்தவரிடம் போனபோது இரண்டு சக்திகளும் பெல்ட்டுக்கு மேலே ஒன்று கலந்து சாணி நிறத்தில் தேங்கி நின்றன. "பாத்தீங்களா, கடைசியில எல்லாம் ஒண்ணுதான்" என்றான். கேட்டவர் தன் சட்டையில் படாமல் ஒதுங்கிப் போனார். அன்றைக்குத்தான் வுகாஷின் ஒரு முடிவுக்கு வந்தான். தண்ணீரில் கரையாத கலைதான் தனக்குச் சரிப்படும்.

அதே சமயத்தில் அவன் வீட்டிலும் ஒரு பெரிய விஷயம் முடிவானது. அவன் அப்பா மிலுதின் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைக்கிறவர், பச்சை குத்துவது மாலுமிக்கும் கைதிக்கும் உரியது என்று நினைக்கிறவர். மகனைப் பாராட்டி அவர் ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

"முட்டி வலிக்குது. அடுத்த வருஷம் நவம்பர்ல ஸ்லாவாவை உன்கிட்ட குடுத்துடுறேன். இனிமே நீ நில்லு."

ஸ்லாவா என்றால் குலப் புனிதரின் நாள். அழைப்பே இல்லாமல் சொந்தமும் சுற்றமும் வந்து குவியும். வீட்டுக்கு உரியவன் அன்றைக்கு உட்காரவே கூடாது, காலையிலிருந்து நின்றபடியே எல்லாருக்கும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அப்பன் தன் கையால் ஸ்லாவா ரொட்டியின் ஒரு கால்பாகத்தை மகனுக்குக் கொடுத்தால், அந்த நிமிஷத்திலிருந்து புனிதர் மகன் பொறுப்பு. வுகாஷினுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா தன்னை ஒரு மனிதனாக மதித்துவிட்டார்! இதற்குப் பதிலாக அவருக்கு என்ன செய்வது? இரண்டு நாள் யோசித்தான். குலப் புனிதரை முதுகு முழுக்கக் குத்திக்கொள்வது என்று தீர்மானித்தான்.

டாட்டூ கடை வைத்திருந்தவள் தெஸான்கா. கைத்திறமை அபாரம், பொறுமை சுமார்.

"குதிரை மேல புனிதர், கையில ஈட்டி. முதுகு பூரா வரணும்" என்றான் வுகாஷின்.

"உங்க ஸ்லாவா எந்த மாசம்?"

"அதுக்கு முன்னாடி, இதுக்குப் பின்னால இருக்கிற உணர்வை உங்ககிட்ட சொல்லிடுறேன்."

சொன்னான். தெஸான்கா நகத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், ஜன்னலில் உட்கார்ந்திருந்த புறாவைப் பார்த்தாள்.

"சரிங்க, உணர்வு நல்லாப் புரிஞ்சிடுச்சு. குதிரைக்கு அடியில என்ன இருக்கு?"

வுகாஷின் கண்ணை மூடி வீட்டுச் சுவரை நினைத்துப் பார்த்தான். தாத்தா காலத்திலிருந்து தொங்குகிற படம். வருஷா வருஷம் மெழுகுவர்த்திப் புகை ஏறி ஏறி, கண்ணாடி அடுப்படிச் சட்டி மாதிரி ஆகிவிட்டது. ஒரு குதிரை தெரியும், அதுவும் என்ன நிறம் என்று தெரியாது. ஓர் ஈட்டி தெரியும். ஈட்டி எங்கே போய் முடிகிறது என்று அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"டிராகன்தான். வேற என்ன இருக்கும்?"

தெஸான்காவுக்கு டிராகன் வரைவது என்றால் உயிர். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் ஊசியை எடுத்துவிட்டாள்.

அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. வெள்ளைக் குதிரை, அடியில் டிராகன் என்றால் அவர் புனித ஜோர்ஜே, அவர் நாள் மே மாதத்தில். சிவப்புக் குதிரை, அடியில் ஓர் ஆள் என்றால் அவர் புனித திமித்ரி, அவர் நாள் நவம்பரில். மிலுதின் குடும்பத்துக்குத் திமித்ரி. வுகாஷின் அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை உச்சரித்திருந்தால் தெஸான்கா ஊசியைக் கீழே வைத்திருப்பாள். ஆனால் அர்த்தக்காரர்கள் பெயரைச் சொல்லமாட்டார்கள். பெயரைச் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடுமே! குளிர்காலம் முழுக்கக் குப்புறப் படுத்துத் தலையணைக்குள் பேசிக்கொண்டே இருந்தான். முதுகில் வெள்ளைக் குதிரை கால் தூக்கியது, டிராகன் செதில் செதிலாக வாயைப் பிளந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், படம் பிரமாதம்.

கோடை வந்ததும் நிஷாவா ஆற்றங்கரையில் சட்டை போடாமல் திரிந்தான். "எங்க குலப் புனிதர்" என்று எல்லாரிடமும் முதுகைத் திருப்பினான். "அடுத்த மே மாசம் உங்க வீட்டுக்கு வந்துட வேண்டியதுதான்" என்றார் ஒரு பெரியவர். ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று எண்ணி வுகாஷினும் சிரித்துவைத்தான்.

நவம்பர் வந்தது, ஸ்லாவாவும் வந்தது. அம்மா ஸ்தமென்கா முந்தின நாளிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய கறி ஒரு பெரிய பானை நிறைய வெந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் வாசலில் இனிப்புக் கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, ராக்கியா என்கிற பழச் சாராயத்தைத் தேடி உள்ளே போனார்கள். சித்தப்பா ஓப்ராத் வழக்கம்போல ஜாடிக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துவிட்டார். படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. மிலுதின் ரொட்டியை நான்காக வெட்டி, ஒரு பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மகனைப் பார்த்தார்.

"அப்பா, ஒரு நிமிஷம்" என்றான் வுகாஷின். சட்டையைக் கழற்றினான். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

அறை கப்சிப். முதுகைக் காட்டி நிற்கிறவனுக்கு என்ன தெரியும்? எல்லாரும் நெகிழ்ந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துவிட்டான். மாதக்கணக்கில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அப்படியே அடுப்படிக் கதவைப் பார்த்து எடுத்துவிட்டான். அப்பாவின் தோளில் இருந்த பாரம் இனித் தன் முதுகில் என்றான். இந்தக் குதிரை தன் குடும்பத்தின் ஓட்டம் என்றான். டிராகன் என்பது வெளியே இல்லை, நமக்குள்ளேதான் இருக்கிறது என்றான். கதவருகே கரண்டியோடு நின்ற அம்மாவின் வாய் மெல்ல மெல்லத் திறந்துகொண்டே போனது. அதையும் பாசம் என்றே எடுத்துக்கொண்டான்.

"டேய் வுகாஷின்," என்றார் ஓப்ராத் சித்தப்பா, "அதுக்குள்ள மே மாசம் வந்திருச்சாடா?"

யாரோ அடக்க முடியாமல் மூக்கால் சிரித்தார்கள். வுகாஷின் திரும்பினான். அப்பாவின் கையில் இருந்த ரொட்டி மறுபடி தட்டுக்குப் போய்விட்டது.

"அது யாருன்னு தெரியுமாடா உனக்கு?" என்றார் மிலுதின். "ஜோர்ஜே! அடுத்த வீட்டுப் புனிதரை முதுகுல ஏத்திக்கிட்டு எங்க வீட்டு ரொட்டிக்குக் கை நீட்டுறியா?"

"அப்பா, நம்ம படத்துலயும் டிராகன்தானே..."

"டிராகனா? நம்ம படத்துலயா? எங்க அப்பா மாட்டின படம்டா அது! அறுபது வருஷமா அதுக்கு முன்னால நிக்கிறேன்!"

அத்தனை வருஷத்தில் அவர் ஒரு மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. வுகாஷினுக்குக் காது மடல் எரிந்தது. நின்ற இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. படம் வேண்டாம், பேச்சு வேண்டாம், அந்தக் கால்பாக ரொட்டி மட்டும் கிடைத்தால் போதும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வாயடைத்து நின்றான்.

மிலுதின் விடவில்லை. மெழுகுவர்த்தியை ஒதுக்கிவிட்டுப் படத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். துடைக்கும் துணியில் ராக்கியாவை ஊற்றினார். ஓப்ராத் "ஐயோ" என்றார், வீணாகப் போன ராக்கியாவுக்காக.

"வாடா இங்க. கண்ணைத் திறந்து பாரு" என்று கண்ணாடியை அழுத்தித் தேய்த்தார். துணி கறுப்பாகியது. முதலில் குதிரையின் கால் ஒன்று தெரிந்தது.

வெள்ளைக் கால்.

மிலுதின் அந்த இடத்தை இன்னொரு தடவை தேய்த்தார். அது இன்னும் வெளுத்தது. இப்போது எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள். துணியை மடித்துக் கீழ்ப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்தார். ஒரு வால் வந்தது. பிறகு செதில். பிறகு ஈட்டி பாய்ந்த, பிளந்த வாய். வுகாஷின் முதுகில் இருந்ததே இதைப் பார்த்து வரைந்ததுபோல அச்சு அசலாக இருந்தது.

"உங்க அப்பா சந்தையில வாங்கினதுதானே," என்றாள் ஸ்தமென்கா, கரண்டியைக் கீழே வைக்காமல். "நான் வாழ வந்த வருஷமே கேட்டேன், கண்ணாடியைக் கொஞ்சம் துடைச்சு வைக்கட்டுமான்னு. தொடவே கூடாதுன்னுட்டீங்க. புனிதர் மேல படிஞ்ச புகைக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னீங்க."

ஓப்ராத் சித்தப்பா சிரித்த சிரிப்பில் மேஜையே ஆடியது. "அண்ணே! அறுபது வருஷமா திமித்ரி நாளுக்கு ஜோர்ஜேவுக்குத்தான் மெழுகுவர்த்தி ஏத்தினோமா? அவரும் நவம்பர்ல நமக்கென்ன மரியாதைன்னு கேக்காம வாங்கிக்கிட்டாரே, நல்ல மனுஷன்!"

மிலுதின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மகனின் முதுகைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். கழுத்து சிவந்து, பிறகு மெல்லத் தணிந்தது. படத்தைத் தூக்கிப் பழைய ஆணியில் மாட்டினார்.

"மெழுகுவர்த்தியை இன்னும் கொஞ்சம் கிட்ட வை" என்றார் ஸ்தமென்காவிடம். "சீக்கிரம் கறுக்கட்டும்."

பிறகு தட்டில் இருந்த ரொட்டித் துண்டை எடுத்து, யாரையும் பார்க்காமல், மகன் கையில் திணித்தார்.

"சட்டையைப் போடு. சித்தப்பா கிளாஸ் காலியா இருக்கு."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ஸ்லாவா நாளில் அவர் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள். வுகாஷினுக்குக் கண் கலங்கிவிட்டது. பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஜாடியைத் தூக்கினான். மாலை வரை நின்றான், ஊற்றினான், ஒரு வார்த்தை பேசவில்லை.

அதாவது, இரண்டாவது சுற்று வரை. மூன்றாவது சுற்றில் கதவோரம் ஒரு உறவுக்காரரை மடக்கிப் பிடித்து, "ரத்தத்துக்குத் தெரியும் பாருங்க. நான் டிராகன்னு சொன்னப்ப என்னை யாரோ சொல்லவெச்ச மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சரி, சிரிக்கிறீர்கள். உங்கள் உடம்பில் ஒரு புள்ளி மை கிடையாது, உங்களுக்கென்ன? ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் நாள் தவறாமல் கும்பிடுகிறீர்களே ஒரு முருகன் படம், அதில் மயில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? ஊஹூம், எட்டிப் பார்க்கக் கூடாது, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுங்கள். இடது பக்கமா? நிச்சயமாகவா? ஏன் இடது பக்கம் என்று காரணம் சொல்லவும் வாயைத் திறந்துவிட்டீர்களா?

பாதகமில்லை. சட்டையை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.