பெரிய குடுக்கை யாருக்கு?

ஊரில் யாரோ ஒருவன் நன்றாக இருந்தால் எனக்கு வயிறு எரியாது. சொந்தத்தில் சமவயதுக்காரன் நன்றாக இருந்தால்தான் எரியும். வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸில் எஞ்சினீயரிங் முதல் வருஷம் படித்தபோது என்னை அப்படி எரியவைத்தவன் பெரியம்மா மகன் ராஜமாணிக்கம். ஒரே வகுப்பு, ஒரே ஹாஸ்டல். சில மாதம் மூத்தவன் என்பதால் அண்ணே என்று வேறு கூப்பிட வேண்டும். (அது தனி எரிச்சல்.)

லீவுக்கு வந்ததும் கீழக்குயில்குடி மாமா எங்கள் இருவரையும் விருந்துக்கு அழைத்தார். எங்கள் அம்மாக்களின் தம்பி அவர். அவர் மகள் பேச்சி எங்கள் இருவருக்கும் முறைப்பெண். யாருக்குக் கொடுப்பது என்று பார்க்கத்தான் விருந்து என்பது ஊருக்கே தெரியும். எனக்கு அவள்மேல் ஆசை. அவனுக்கும் ஆசை.

சாப்பிட்டு முடித்ததும் மாமா வெற்றிலையை மடித்தபடி, காலேஜில் எந்தப் பாடம் பிடிக்கும், ஓய்வில் என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார். அண்ணன் ஆரம்பித்தான். டென்னிஸ் ஆடுவானாம். பாலம் கட்டும் பாடம் என்றால் உயிராம். ரேடியோவைக் கழற்றி மாட்டுவானாம். (கழற்றியது அவன்தான். மாட்டியது வேறு ஆள்.) கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து நான். பேரையூர்க் கரிசலில் பருத்திக்கும் ஆட்டுக்கும் நடுவே வளர்ந்தவன். பொழுதுபோக்கு, தூக்கம். படிப்பில் பிடித்தது, மெஸ் மணி. இதைச் சொன்னால் பெண் கிடைக்குமா? ஜன்னல் வழியே மாமாவின் கிணறு தெரிந்தது. "நீச்சல், மாமா" என்றேன். எங்கள் ஊர்க் கிணறுகளில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்து நான் பார்த்ததே இல்லை.

மாமாவுக்கு முகமெல்லாம் பல். "சம்சாரி வீட்டு மாப்ளன்னா இப்பிடியில்ல இருக்கணும். டென்னிசு ஆடுனா வெள்ளாமை வெளஞ்சிருமா?" என்றார். அண்ணன் முகம் சுண்டியதைப் பார்த்ததும், சாப்பிட்ட கறிச்சோறு எனக்கு இன்னொரு தடவை ருசித்தது.

அவன் உடம்பிலும் எங்கள் ரத்தம்தானே ஓடுகிறது, விடுவானா? "எனக்கும் நல்லா வரும் மாமா. தம்பிக்கே நாந்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றான்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்பச் சரி. வாங்க மாப்ள, தண்ணி அம்புட்டுக் கெடக்கு. யாரு மொதல்ல அக்கரையத் தொடுறீகன்னு பாப்போம்."

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இருவரும் கிணற்று மேட்டில் நின்றோம். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். யாராவது ஒருவன் உண்மையைச் சொன்னால் இருவரும் பிழைத்தோம். ஆனால் சொன்னவனுக்குப் பெண் கிடையாது. பொருள்கள் ஏன் மிதக்கின்றன என்று புரொபசர் நடத்திய பாடத்தை நினைத்துப் பார்த்தேன். அன்று நான் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒரு காலைத் தூக்கினான். எங்கே முந்திவிடுவானோ என்று நான் குதித்துவிட்டேன். அவனும் குதித்தான்.

நான் குடித்த தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சியிருந்தால் ஒரு போகம் விளைந்திருக்கும். பக்கத்தில் அண்ணனும் கையையும் காலையும் உதறிக்கொண்டிருந்தான். மூச்சு முட்டிய அந்த நேரத்திலும், இவனுக்கும் நீச்சல் தெரியாது என்பதில் எனக்குப் பரம திருப்தி.

சின்னப் பிள்ளைகள் முதுகில் கட்டிக்கொண்டு நீச்சல் பழகும் சுரைக்குடுக்கைகள் தண்ணீர் இறைக்கும் கமலை மரத்தில் தொங்கின. ஓடிவந்த பேச்சி இரண்டை அவிழ்த்து வீசினாள். மாமா படியிறங்கி வந்து இழுத்துப் போடும்வரை, வருங்கால எஞ்சினீயர்கள் இருவரும் ஆளுக்கொரு சுரைக்காயைக் கட்டிப்பிடித்து மிதந்தோம். வரப்பு நெடுக ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மாமா சிரித்து ஓய்ந்து மகளைக் கூப்பிட்டார். "ரெண்டும் முங்குற சரக்குத்தான் தாயி. எது வேணும்னு நீயே சொல்லிரு." பேச்சி என்னைக் கைகாட்டினாள்.

அதோடு என் வயிற்றெரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அன்று அவள் முதலில் வீசிய குடுக்கை அவனுக்கு. பெரிய குடுக்கையும் அவனுக்கு. எனக்கு வந்தது தேங்காய் அளவுதான். கல்யாணத்தன்றே ஏன் என்று கேட்டேன். இன்றும் கேட்கிறேன். "அவுக கனத்த ஆளு. ஒங்களுக்கு அம்புட்டுப் போதும்" என்கிறாள்.

போன தீபாவளிக்கு அண்ணன் வந்திருந்தான். பேச்சி கறி பரிமாற வந்ததும், "பெரிய குடுக்கை பெரிய தாத்தாவுக்கு" என்று பேரப்பிள்ளைகள் ராகம் போட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அவன் இலையில் ஒரு பெரிய துண்டாகப் பார்த்து வைத்தாள். என் இலைக்கு வந்தது எலும்பு.